வலப்பக்கத்தில் என்ன இருந்தது

யூமா, அரிசோனா
18 ஜனவரி 1987

அன்புள்ள லவோன்,

இங்கே நாங்கள் இருவரும் சுகம். நீயும் டெல்மரும் அங்கே விறைத்துப்போகாமல் இருக்கிறீர்களா? இங்கே காலையில் ஸ்வெட்டர் போடுகிறோம், பத்து மணிக்குக் கழற்றிவிடுகிறோம். இதைப் படித்ததும் நீ பல்லைக் கடிப்பாய் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுக்குப் போய் ஹீட்டர் எரிகிறதா, குழாயில் தண்ணீர் ஓடுகிறதா என்று பார்த்து வருவதற்கு உனக்கு என்ன கைம்மாறு செய்யப்போகிறேனோ. ஒரு பெட்டி எலுமிச்சை கொண்டுவருகிறேன். இங்கே பறிக்க ஆளில்லாமல் உதிர்ந்து கிடக்கிறது.

குளிருக்குத் தப்பி, வீட்டையே வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு டிரெய்லர்கள் வந்தபடியே இருக்கின்றன. வழக்கம்போலப் பாதிப்பேர் டகோட்டாக்காரர்கள், மீதி கனடாக்காரர்கள். நேற்று ஒரு மினசோட்டாக்காரர் தன் டிரெய்லரை இடத்துக்குள் பின்னால் தள்ளத் தெரியாமல் பனைமரத்தோடு மல்லுக்கட்டினார். அவர் மனைவி கத்திய கத்தலில் எல்லாரும் வெளியே வந்துவிட்டோம். இந்த மாதிரி நேரத்தில் உன் அத்தான் ஓரின் போய்ச் சாவியை வாங்கி ஒரே மூச்சில் செருகிக் கொடுத்துவிட்டு வருவார் என்பது உனக்குத் தெரியும். நேற்று நாற்காலியை விட்டு எழவில்லை. "முட்டி வலிக்குது ஆர்டி" என்றார். எந்த முட்டி என்று நான் கேட்கவில்லை.

மற்றபடி விசேஷம் ஒன்றுமில்லை. உடம்பைப் பார்த்துக்கொள். டெல்மரை ஏணியில் ஏறவிடாதே.

உன் அக்கா
ஆர்டித்


ஹாம்ரி, வடக்கு டகோட்டா
30 ஜனவரி 1987

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். விறைக்கவும் செய்கிறோம். உன் ஸ்வெட்டர் கதையை டெல்மருக்குப் படித்துக் காட்டினேன். அவர் இன்னொரு கட்டையை அடுப்பில் போட்டார்.

உன் வீட்டில் ஹீட்டர் ஒருமுறை அணைந்தது, நான் போய்ப் பற்றவைத்தேன். வேறு சேதமில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அத்தான் அனுப்பிய கிறிஸ்துமஸ் அட்டையை அவர் தம்பி கேலன் காபிக்கடைக்கே கொண்டுவந்துவிட்டார். கையெழுத்து அட்டையின் நடுவில் இருக்கும் மான் படத்துக்கு மேல் ஏறி, கொம்பில் தொங்குகிறது. "எங்கண்ணன் கண்ண மூடிக்கிட்டா கையெழுத்துப் போட்டான்?" என்று மேஜை மேஜையாகக் காட்டினார். சிரிப்பாகத்தான் ஆரம்பித்தது. அப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

அன்று முதல் கேலனுக்கு ஒரே பிடி. மார்ச் கடைசியில் விமானத்தில் வந்து உங்களையும் டிரெய்லரையும் ஓட்டிக்கொண்டு வந்துவிடுகிறாராம். வந்ததும் டிரெய்லரை விற்றுவிடுவதாம். ஆளும் பார்த்து வைத்திருக்கிறார், புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி. "அண்ணன் இனி வீட்ல இருக்கட்டும், போதும்" என்கிறார்.

அத்தானின் கண் எப்படி இருக்கிறது? நேராகக் கேட்கிறேன், நேராகப் பதில் சொல்.

உங்கள் இருவர் உடல்நலமும் வேண்டி,
லவோன்


யூமா
14 பிப்ரவரி 1987

அன்புள்ள லவோன்,

நலம். உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. பதில் எழுத உட்கார்ந்தால் ஏதாவது ஒரு வேலை வந்துவிடுகிறது.

கேலன் வரவேண்டாம் என்று நீயே பக்குவமாகச் சொல்லிவிடு. சலவை அறையில் இருக்கும் தொலைபேசிக்கு அவர் இரண்டு முறை கூப்பிட்டார். அங்கே துணி மடிக்கிற அத்தனை பெண்களுக்கும் காது நீளம். அதனால் "இணைப்பு சரியில்ல" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஓரினிடம் கேலனின் யோசனையைச் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம். "என்னை மூட்டை மாதிரி அள்ளிட்டுப் போக ஆள் வரணுமா?" என்று கேட்டுவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொண்டார். மதியச் சாப்பாடு அப்படியே ஆறிப்போனது. லவோன், ஊரில் யாருக்குத் தானிய வண்டியைப் பின்னால் தள்ள வேண்டுமென்றாலும், யாருக்குப் படகை ஏரியில் இறக்க வேண்டுமென்றாலும் அவரைத்தானே கூப்பிடுவார்கள். ஒவ்வொரு ஏப்ரலிலும் நாங்கள் வந்து சேரும்போது எதிரே இருக்கும் காபிக்கடையே கோப்பையோடு வாசலில் நிற்கும். எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வேலிச்செடிக்கும் நடுவே இருக்கும் அந்தச் சந்தில் அவர் ஒரே தள்ளில் டிரெய்லரை நிறுத்துவதைப் பார்க்கத்தான். அந்த மனிதரைத் தம்பியின் பக்கத்து இருக்கையில் உட்கார வைத்து ஊருக்குள் கொண்டுவர என்னால் முடியாது. அப்படி வந்தால் அவர் இனி நாற்காலியை விட்டே எழமாட்டார். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

போன வாரம் கண் மருத்துவரிடம் போயிருந்தோம். எனக்குக் கண்ணாடி மாற்ற வேண்டியிருந்தது.

டிரெய்லர் எப்போதும் போல ஊர் வந்து சேரும். கவலைப்படாதே. டெல்மரின் இருமல் தேவலையா?

அன்புடன்,
அக்கா


ஹாம்ரி
27 பிப்ரவரி 1987

அக்கா,

நாங்கள் சுகம். டெல்மரின் இருமல் போய்விட்டது, சிடுசிடுப்பு மட்டும் மிச்சம்.

நேராகப் பதில் சொல் என்று கேட்டேன். நீ ஊரைச் சுற்றிக்கொண்டு போய்விட்டாய். போகட்டும்.

கேலனை ஒருவழியாக நிறுத்தி வைத்திருக்கிறேன். அத்தானே நேற்று என்னிடம் பேசினார், குரல் கணீரென்று இருந்தது, டிரெய்லரை அவரே ஓட்டி வருகிறாராம் என்று அடித்துவிட்டேன். மாதாகோயில் கீழ்த்தளத்தில் வைத்து, கையில் பாத்திரம் துடைக்கும் துணியோடு சொன்ன பொய். "சரி, பாப்போம். வாசல்லதான நிப்பேன்" என்றார். அவர் நிச்சயம் நிற்பார்.

என் மகள் கார்லாவுக்கு ஏப்ரல் கடைசியில் பிரசவம். நான் ஃபார்கோவுக்குப் போகவேண்டியிருக்கும். நீங்கள் எந்த ஊர்களில் தங்குவீர்கள் என்று முன்னாலேயே எழுது. அந்தந்த ஊர்த் தபால் நிலையத்துக்கு, ஆள் வந்து கேட்கும்வரை வைத்திருக்கச் சொல்லி எழுதிப் போடுகிறேன்.

வழிக்கு வேண்டிய மருந்து மாத்திரைகளை மறக்காதே. அத்தானுக்கு என் அன்பு.

லவோன்


யூமா
20 மார்ச் 1987

அன்புள்ள லவோன்,

நலமாக இருக்கிறோம். கார்லாவுக்குக் கால் வீக்கம் இருந்தால் தலையணை வைத்து உயர்த்திப் படுக்கச் சொல்.

வரும் ஞாயிற்றுக்கிழமை கழித்து அடுத்த ஞாயிறு கிளம்புகிறோம். அன்று எல்லாரும் பொது மண்டபத்தில் அப்பம் சுட்டுத் தின்றுகொண்டிருப்பார்கள். வழியனுப்ப ஆள் கூடாமல் போய்விடலாம். டெமிங், ஒகலாலா, வின்னர், இந்த மூன்று ஊர்களுக்கும் கடிதம் போடு.

இந்த முறை டிரெய்லர் குழாயில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லாமல் வடித்தாகிவிட்டது. போன வருடம் அவசரக் காபிக்கு ஆசைப்பட்டுத் தொட்டியை நிரப்பிக்கொண்டு கிளம்பி, நெப்ராஸ்காவில் உறைந்து குழாய் வெடித்து, படுக்கையெல்லாம் பனிக்கட்டியானது உனக்கு நினைவிருக்கும். தெற்கே இரண்டு மாதம் வெயில் காய்ந்தால் வடக்கே குளிர் என்று ஒன்று இருப்பதே மறந்துபோகிறது.

கொக்கி மாட்டுவது, சங்கிலி போடுவது, விளக்கு எரிகிறதா என்று பார்ப்பது எல்லாவற்றையும் ஓரின் எனக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறார். அவருக்குக் குனிந்தால் முட்டி வலிக்கிறது. இத்தனை வருடம் அவர் தூக்கிய கொக்கியின் கனம் இப்போதுதான் எனக்குத் தெரிகிறது.

எங்களுக்காக ஜெபம் செய்.

ஆர்டித்


டெமிங், நியூ மெக்சிகோ
31 மார்ச் 1987

அன்புள்ள தங்கைக்கு,

இதுவரை சுகமாக வந்து சேர்ந்தோம். அங்கே பனி உருகத் தொடங்கிவிட்டதா?

காற்று. காற்றைத் தவிர எழுத ஒன்றுமில்லை. டூசான் தாண்டியதும் பக்கவாட்டில் பிடித்துத் தள்ள ஆரம்பித்தது. பெரிய லாரி ஒன்று நம்மைக் கடக்கும்போது முதலில் டிரெய்லரைத் தன் பக்கம் இழுக்கும், பிறகு வெளியே உதைக்கும். அந்த நேரத்தில் பிரேக்கைத் தொடக்கூடாது. வெள்ளைக் கோட்டை மட்டும் பார்த்துக்கொண்டு பேசாமல் இருக்க வேண்டும். நாற்பத்தைந்து மைலுக்கு மேல் போகவில்லை. பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும். மேடு ஏறும்போது எஞ்சின் சூடு ஏறுகிறதா என்று முள்ளைப் பார்க்க வேண்டியிருக்கிறது. தோள்பட்டை இரண்டும் கழன்று விழுந்துவிடும்போல இருக்கிறது.

நேராக நுழைந்து நேராக வெளியேறும்படியான இடமாகப் பார்த்துத்தான் தங்குகிறோம். வாடகை கொஞ்சம் கூட, ஆனால் நிம்மதி.

ஓரின் நன்றாகத் தூங்குகிறார். உன் கடிதம் இங்கே இன்னும் வரவில்லை. உடம்பைக் கவனித்துக்கொள்.

ஆர்டித்


ஹாம்ரி
4 ஏப்ரல் 1987

அன்புள்ள அக்கா,

உன் டெமிங் கடிதம் இன்று கிடைத்தது. நாங்கள் நலம். பனி போய் இப்போது சேறு. டெல்மரின் ஒரு செருப்பு உன் வீட்டுப் பின்பக்கம் புதைந்துவிட்டது, கோடையில் கிடைக்கும்.

உன் பழைய வழிக்கடிதங்களை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வருடத்துக்கு ஒரு கட்டு வைத்திருக்கிறேன். கொடியில் காயும் சிவப்பு உள்பாவாடை, வேலியோரம் நின்ற மான், சாலையோரப் பள்ளியில் பிள்ளைகள் ஊஞ்சலாடியது, கொக்குகள், கழுதைமேல் உட்கார்ந்து பேப்பர் படித்த மனிதன். எல்லாமே சாலையின் வலப்பக்கத்தில் இருந்தவை. அத்தான் இடப்பக்கம் உட்கார்ந்து ஓட்ட, நீ உட்காரும் ஜன்னல் அந்தப் பக்கம்தானே.

இந்த முறை இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். அதில் ஒரு பறவைகூட இல்லை. வெள்ளைக் கோடு இருக்கிறது, சூட்டு முள் இருக்கிறது, உன் இரண்டு தோள்பட்டையும் இருக்கிறது.

நான் எதையும் கேட்கப்போவதில்லை. கேட்காவிட்டால் உனக்கும் பொய் சொல்கிற வேலை மிச்சம். ஆனால் எனக்கே காது குத்தலாம் என்று நினைக்காதே.

தோளுக்குச் சூடான துணி ஒத்தடம் கொடு. மெதுவாக வா. இங்கே யாருக்கும் எந்த அவசரமும் இல்லை, கேலனைத் தவிர.

முத்தங்களுடன்,
லவோன்


ஒகலாலா, நெப்ராஸ்கா
10 ஏப்ரல் 1987

அன்புள்ள லவோன்,

உன் கடிதம் தபால் நிலையத்தில் காத்திருந்தது. இரண்டு தடவை படித்தேன். நாங்கள் சுகம். ஒத்தடம் கொடுத்தேன், தேவலை.

இங்கே சில நாள் தங்குகிறோம். காற்று அதிகம். சந்தை மைதானம் இந்த மாதத்தில் காலியாகக் கிடக்கிறது. காவலாளியிடம் கேட்டதற்கு, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் டிரெய்லரை நிறுத்திக்கொள்ளுங்கள் என்றார். இரண்டு எண்ணெய் டிரம்களையும் அவரே உருட்டிக்கொண்டு வந்து கொடுத்தார். ஒரு டிரம் இப்போது கொஞ்சம் சப்பை. ஓரினுக்கும் எனக்கும் காலையில் ஒரு சண்டை, மாலையில் ஒரு சண்டை. கல்யாணமான புதிதில்கூட இவ்வளவு பேசியதில்லை.

நீ பறவை கேட்டாய். இதோ. முந்தாநாள் ஆற்றுப் பாலம் தாண்டி வரும்போது கொக்குக் கூட்டம். மற்றவை எல்லாம் வடக்கே போனபின் கிளம்பாமல் இருந்த கடைசிக் கூட்டமாம். வலப்பக்கம் வயலில் இறங்கி நின்றதாம். ஓரின் சொன்னார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

கார்லா எப்படி இருக்கிறாள்? எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்.

அக்கா


ஹாம்ரி
14 ஏப்ரல் 1987

அன்புள்ள அக்கா,

இந்தக் கடிதம் வின்னருக்கு உனக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும் என்று ஓடிப்போய்த் தபாலில் சேர்க்கிறேன். நாங்கள் நலம். கார்லாவுக்கு நாள் முந்துகிறது, வெள்ளிக்கிழமையே ஃபார்கோவுக்குப் போகிறேன். நீங்கள் வரும்போது இருக்கமாட்டேன் என்பதுதான் வருத்தம்.

உங்கள் வீட்டுப் பின்வேலி மிகவும் இற்றுப்போய்விட்டது. நானும் டெல்மரும் அதை முழுதாகப் பிடுங்கிப்போட்டோம். சேற்றில் கல் கொட்டி நிரவியாகிவிட்டது. ஆகவே இந்த முறை கடைத்தெரு வழியாக வராதே. தானியக் கிடங்கைச் சுற்றிப் பின்சந்தில் நுழைந்தால் நேராக உள்ளே வந்து நேராக நிறுத்திவிடலாம். யாரும் பார்க்கமாட்டார்கள். காபிக்கடையில் பந்தயம் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், உட்கார்ந்தே இருக்கட்டும்.

வேலி எப்படியும் விழுகிற வேலிதான். வேறொன்றும் இல்லை.

கஞ்சிக்குப் பால் குளிர்பெட்டியில் இருக்கிறது. பத்திரமாக வந்து சேருங்கள்.

லவோன்


ஹாம்ரி
22 ஏப்ரல் 1987

அன்புள்ள லவோன்,

ஊர் வந்து சேர்ந்தோம். இருவரும் சுகம். தாயும் பிள்ளையும் நலமாக இருக்கும் செய்தியை டெல்மர் சொன்னார். பேத்திக்கு என் முத்தம்.

வின்னரில் உன் கடிதத்தை வாங்கவில்லை. சனிக்கிழமை மதியம் போய்ச் சேர்ந்தோம், தபால் நிலையம் மூடியிருந்தது. மறுநாள் ஈஸ்டர். திங்கட்கிழமைவரை காத்திருந்தால் பனிப்புயல் பிடித்துக்கொள்ளும் என்று வானொலி சொன்னது. அதனால் கிளம்பிவிட்டோம். நீ என்ன எழுதியிருந்தாய் என்று தெரியாமல்தான் கடைத்தெரு வழியாக வந்தேன்.

ஆமாம், வந்தேன். யூமாவிலிருந்து நான்தான் ஓட்டினேன். ஓரினுக்கு நேரே பார்த்தால் நடுவில் ஒரு புகை. ஓரங்கள் தெரிகின்றன, நடு தெரியவில்லை. சரியாகாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். உன்னிடம் சொல்லாமல் இருந்தது அவர் கேட்டுக்கொண்டதால். உன்னிடம் மறைத்ததுபோல வேறு எதுவும் எனக்குக் கனக்கவில்லை, கொக்கி உட்பட.

நாங்கள் தெருவுக்குள் திரும்பியதும் காபிக்கடைக் கதவு திறந்தது. கோப்பையும் கையுமாக அத்தனை பேரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். முன்னால் போய், டிரெய்லரின் வால் சந்துக்கு நேரே வரும்படி நிறுத்தினேன். ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பது யார் என்று அப்போதுதான் பார்த்தார்கள்.

கேலன் ஜன்னல் பக்கம் வந்தார். முகம் வெளுத்திருந்தது. "அண்ணி, எறங்குங்க. நான் போட்டுடறேன்" என்றார். நல்ல மனதோடுதான் கேட்டார். என் கை கதவுப்பிடிக்குப் போய்விட்டது, லவோன். அவ்வளவு களைத்திருந்தேன்.

அதற்குள் ஓரின் தன் பக்கக் கதவைத் திறந்து இறங்கிவிட்டார். டிரெய்லரின் பக்கவாட்டைக் கையால் தடவிக்கொண்டே பின்னால் நடந்தார். முப்பது வருடமாக நான் நின்ற இடம் அது. மழையிலும் புழுதியிலும் நின்று கையைக் காட்டிக்கொண்டிருப்பேன். "கண்ணாடியில நீ தெரியலன்னா நிறுத்திடுவேன். தெரியற எடத்துல நில்லு" என்று ஒவ்வொரு முறையும் சொல்வார். இப்போது அங்கேயிருந்து அவர் குரல் கொடுத்தார்.

"ஆர்டி, நான் தெரியறனா?"

"தெரியறீங்க."

"அப்ப எடு. மெதுவா. கை ஸ்டியரிங்கோட அடிப்பக்கம் இருக்கட்டும், கை போற பக்கம் வால் போகும்."

அவர் டிரெய்லரைப் பார்க்கவில்லை. முகத்தைத் தானியக் கிடங்குப் பக்கம் திருப்பிக்கொண்டு, கடைக்கண்ணால் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்படித்தான் அவருக்குத் தெரியும். சந்தை மைதானத்தில் அந்த டிரம்களுக்கு நடுவே அதைத்தான் பழகினோம். ஊராருக்கு அது எப்படித் தெரியும்? "ஓரின், வண்டி இந்தப் பக்கம் இருக்குப்பா" என்று யாரோ கத்தினார்கள்.

"தெரியும்டா. நீ காபியக் குடி."

முதல் தள்ளில் வால் வேலிச்செடிக்குள் போய்விட்டது. ஓரின் கையை உயர்த்தினார். "பரவால்ல. முன்னாடி போ. திரும்ப வா." முன்னால் போனேன். வேர்வை கண்ணில் வழிந்தது, துடைக்கக் கை வரவில்லை. திரும்பத் தள்ளினேன். கண்ணாடியில் அவர் கை மட்டும்தான் எனக்கு உலகம். கொஞ்சம், இன்னும் கொஞ்சம், வலப்பக்கம், நேரே. பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் தூக்கிக் காட்டினார். நிறுத்தினேன்.

டிரெய்லர் சந்துக்குள் நின்றது.

மூச்சு விட்டுவிட்டுக் கண்ணாடியை மறுபடி பார்த்தேன். அவர் நிற்கிறார். அவருக்குப் பின்னால் வேலியைக் காணோம். பின்சந்துவரைக்கும் திறந்து கிடக்கிறது, புதுக் கல் கொட்டி நிரவியிருக்கிறது, ஓரத்தில் பிடுங்கிய கம்பங்கள் அடுக்கியிருக்கின்றன. எனக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. வின்னரில் கிடக்கும் கடிதத்தில் என்ன இருக்கும் என்பதும் விளங்கிவிட்டது. ஸ்டியரிங்மேல் தலையை வைத்து அழுதேன். வாசலில் நின்றவர்கள், டிரெய்லரை நிறுத்திவிட்ட சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்திருப்பார்கள். அதுவும் இருந்தது.

ஓரினே அவர்களிடம் சொல்லிவிட்டார், நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "நேரா பாத்தா எனக்கு ஒண்ணும் தெரியல. கிறிஸ்துமஸுக்கு முன்னாடியிருந்தே." கேலன் தரையைப் பார்த்தார். பிறகு காபிக்கடைக் கூட்டத்தில் ஒருவர் கேட்டார், "அப்ப என் மூஞ்சியும் தெரியலயா?"

"இதுல அது ஒண்ணுதான் லாபம்" என்றார் ஓரின்.

எல்லாரும் சிரித்தார்கள். கேலன்தான் கடைசியில் சிரித்தார், சிரித்துக்கொண்டே அண்ணன் தோளைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். விற்கிற பேச்சு இதுவரை எழவில்லை. இன்று காலை அடுத்த தெருவில் ஒருவர் தன் படகு டிரெய்லரைத் திருப்ப ஓரினைக் கூப்பிட வந்தார். அவர் நாற்காலியை விட்டு எழுந்து போனார்.

அநியாயமாக ஒரு வேலியைப் பிடுங்கினாய். பக்கத்து வீட்டு நாய் உள்ளே வந்து என் எலுமிச்சைப் பெட்டியை முகர்ந்துவிட்டுப் போகிறது. கேட்காமல் இருந்தாயே, அதற்கு நான் என்ன சொல்வது. சீக்கிரம் வந்துவிடு.

உன்
ஆர்டித்


ஃபார்கோ
27 ஏப்ரல் 1987

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

நாங்கள் எல்லாரும் நலம். குழந்தை தூங்குகிறது, அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

உன் கடிதத்தைக் கார்லாவுக்குப் படித்துக் காட்டினேன். வேலிச்செடிக்குள் போன இடத்தில் நிறுத்திவிட்டேன், அவள் எழுந்து உட்கார்ந்து "அப்பறம்?" என்றாள். தையல் பிரிந்துவிடப் போகிறது என்று அதட்டிப் படுக்க வைத்துவிட்டு மீதியைப் படித்தேன்.

வேலியைத் திரும்ப நடவேண்டாம் என்று டெல்மரிடம் சொல்லிவிட்டேன். அக்டோபரில் கிளம்பும்போது நேராகப் போய்விடலாம். திரும்பி வரும்போது நீ கடைத்தெரு வழியாகத்தான் வருவாய் என்று தெரியும்.

ஒன்று மட்டும். அடுத்த முறை வழிக்கடிதத்தில் காற்றைப் பற்றி எனக்கு எழுதாதே. அந்த ஜன்னலில் இப்போது அத்தான் உட்கார்கிறார். வலப்பக்கத்தில் என்ன இருக்கிறது என்று அவர் சொல்லட்டும், சாயங்காலம் வண்டியை நிறுத்தியபின் நீ எழுது.

எலுமிச்சையை நாய்க்குக் கொடுத்துவிடாதே.

லவோன்